கையேடு சமதரைக்கு எழுதியது: சுழல் கலப்பை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் சுழல் கலப்பையைப் பற்றியவை. காரணம் தெரிந்ததே. வெலிமடை, ஊவா பரணகமப் பக்கங்களில் பெரும்போக நெல்லை அறுத்துவிட்டு அதே வயலில் உருளைக்கிழங்கு போடும் பருவம் நெருங்குகிறது. நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா என்று ஒன்றை எடுத்ததும் அடுத்ததைப் போட்டாக வேண்டும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. மம்மட்டி பிடிக்கப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து திரும்பி வரப்போவதும் இல்லை. ஆகவே எல்லோரும் ரொட்டவேட்டர் எனும் இந்தச் சுழல் கலப்பையை வாங்குகிறார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த காலம் முதல் இன்றைய என் பட்டறை வரை, கையேட்டைப் படித்துவிட்டுத்தான் எந்த இயந்திரத்தையும் தொடுவேன். ஆனாலும் அந்தக் கையேடுகள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எழுதியவை அவை. நம் நிலமோ வரப்புக்கு வரப்பு இறங்கும். கையேடு சொல்லாத அந்த இடங்களில் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்து 5 அடி ரொட்டவேட்டர் ஒன்று வாங்கினோம். இரும்புச் சட்டத்தில் கட்டி, பாதி கழற்றிய நிலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது ஐயா? (வாசகர், கெப்பெட்டிபொல)

ஸ்பானரைத் தொடுமுன் ஒயிலைப் பாருங்கள், தம்பி. இவ்வகை இயந்திரங்களில் பல, கியர்ப் பெட்டியில் ஒயில் இல்லாமலே கப்பலேறி வருகின்றன. நடுவில் ஒரு பெட்டி. பக்கவாட்டில் சங்கிலியோ பல்சக்கரங்களோ ஓடும் இன்னொரு பெட்டி. நடுவில் ஊற்றிவிட்டுப் பக்கத்தை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. பெரும்பாலானவற்றுக்கு 90 ஆம் இலக்க கியர் ஒயில் பொருந்தும். கையேடு வேறு இலக்கம் சொன்னால் அதையே ஊற்றுங்கள். அளவு பார்க்கும்போது இயந்திரம் மட்டமாக நிற்க வேண்டும். மட்டமான முற்றம் நம் ஊரில் யாரிடம் இருக்கிறது? பலகை கொடுத்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மூச்சுத் துளையில் அனுப்பும்போது செருகிய பிளாஸ்டிக் அடைப்பு இருந்தால் அதைக் கழற்றி, உரிய மூடியைப் போடுங்கள். அடைப்பு அப்படியே இருந்தால் சூடேறும் ஒயில், கசிவைத் தடுக்கும் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அடுத்தது மேலே நிற்கும் முக்கோணச் சட்டம். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். சட்டம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு, மறுபக்கத் துளை சேரவில்லை என்று சம்மட்டியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்பு அவர்கள் சொல்வதைக் கேட்டு வளையும். பிறகு வேலை செய்யும்போது பழி வாங்கும். முதல் நாள் வேலை முடிந்ததும் அத்தனை போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதுப் போல்ட் தளராமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

கத்திகள் தனியாக வந்திருந்தால் அவற்றைப் பூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். இடம் வளைந்தவை, வலம் வளைந்தவை என்று இரண்டு வகை இருக்கும். தரையில் இரண்டு குவியலாகப் பிரித்து வையுங்கள். சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு தட்டிலும் இடமும் வலமும் மாறி மாறி வரும். இரு ஓரத்துத் தட்டுகளில் மட்டும் எல்லாக் கத்திகளும் உட்பக்கம் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் பக்கத் தகட்டைக் கிழித்துவிடும். கூர் முனை சுழலும் திசையில் முதலில் மண்ணைத் தொட வேண்டும். சாதாரண ரொட்டவேட்டரில் உருளை, உழவு இயந்திரம் முன்னால் போகும்போது அதன் சக்கரம் சுழலும் அதே திசையில்தான் சுழலும். ஆகவே பக்கத்தில் நின்று சக்கரத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கத்திகள் உருளையைச் சுற்றித் திருகுபோல ஏறிப் போக வேண்டும். அப்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணை அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், இயந்திரமும் உதறாது.

இந்த வளைந்த கத்திக்குப் பின்னால் ஓர் இளைஞரின் பிடிவாதம் இருக்கிறது. 1912 இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹொவர்ட், தகப்பனாரின் பண்ணையில் இதைச் செய்துபார்க்கத் தொடங்கினார். அவருடைய முதல் அமைப்புகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. 'எல்' எழுத்துப்போல் வளைத்த கத்தியை இடைவெளி விட்ட தட்டுகளில் பொருத்திய பிறகே மண் இருந்த இடத்திலேயே கிளறப்பட்டது. நீங்கள் கத்தியை மாற்றிப் பூட்டினால் ஹொவர்ட் விட்ட இடத்துக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

பூட்டும் ஒழுங்கு இது. உழவு இயந்திரத்தை நேராகப் பின்னால் எடுங்கள். அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது, கை காட்டுகிற தம்பிகூட. எஞ்சினை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். உழவு இயந்திரத்தின் பின்னால் உள்ள மூன்று இணைப்புக் கைகளில் முதலில் இடது கீழ்க் கை, பிறகு வலது கீழ்க் கை, அதில் உயரம் மாற்றும் திருகு இருப்பதால் சேர்ப்பது எளிது, பிறகு மேல் கை, கடைசியாகத்தான் உழவு இயந்திரத்தின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பின்களின் பருமனைக் கவனியுங்கள். சிறிய உழவு இயந்திரங்களின் முதலாம் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மில்லிமீற்றர்; பெரியவற்றின் இரண்டாம் வகையில் 28. பெரிய கண்ணுக்குள் சின்னப் பின்னை விட்டு ஓட்டினால் தட்டித் தட்டிக் கண் முட்டை வடிவமாகிவிடும். உரிய புஷ் கடையில் கிடைக்கும். பூட்டுப் பின்னுக்குப் பதிலாக ஆணியை வளைத்துப் போடும் பழக்கத்தை இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களாவது விட்டுவிடுங்கள்.

பூட்டியபின் பின்னால் நின்று பாருங்கள். இடம் வலம் மட்டமாக இருக்க வேண்டும். அதற்கு வலது கையின் திருகு. வேலை செய்யும் ஆழத்தில் ரொட்டவேட்டரின் முன் தண்டும் உழவு இயந்திரத்தின் பின்னால் சுழன்று கருவிக்குச் சக்தி கொடுக்கும் பி.டி.ஓ. தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கை. பக்கச் சங்கிலிகளை இறுக்கி ஆட்டத்தை அடக்குங்கள்.

கேள்வி: புது ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது. கடைக்காரர் "மூன்று அங்குலம் வெட்டிப் போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்கிறார். வெட்டலாமா? (வாசகர், ராகலை)

வெட்டலாம். எவ்வளவு என்பதை உங்கள் உழவு இயந்திரம் சொல்ல வேண்டும்; கடைக்காரர் சொல்லக் கூடாது. அவர் உங்கள் வரப்பைப் பார்த்தவரும் அல்லர்.

ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். ரொட்டவேட்டரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் நீளம் மாறும். இரண்டு தண்டுகளும் ஒரே மட்டத்துக்கு வரும் இடத்தில் இடைவெளி மிகக் குறைவு. அங்கிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் கூடும். குழாய் நீளமாக இருந்தால் மிகக் குறைந்த இடத்தில் முட்டி, ஒரு பக்கம் பி.டி.ஓ. பெயரிங்கையும் மறுபக்கம் கியர்ப் பெட்டியையும் நெட்டித் தள்ளும். குட்டையாக இருந்தால் மிகக் கூடிய இடத்தில் கழன்று, முன் பாதி நிமிடத்துக்கு 540 சுற்றில் வீசிக்கொண்டு நிற்கும். முதலாவது பணச் செலவு. இரண்டாவது ஆள் செலவு.

அளக்கும் முறை: ரொட்டவேட்டரைப் பூட்டி, எஞ்சினை ஓட்டி, இரண்டு தண்டுகளும் நேருக்கு நேர் வரும்வரை தூக்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். ஹைட்ரோலிக்கை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். இரு பக்கமும் தடித்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து அதன்மேல் பாரம் உட்காரட்டும். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உழவு இயந்திரத்திலும் மறு பாதியை ரொட்டவேட்டரிலும் மாட்டி, பக்கத்தில் பக்கமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயின் நுனிக்கும் எதிர்ப்பக்கச் சந்தியைப் பிடிக்கும் கவையின் அடிக்கும் இடையில் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். குறைகிற அளவைக் குறித்து, இரண்டு குழாய்களிலும் அதே அளவு, மேல் பிளாஸ்டிக் உறைகள் இரண்டிலும் அதே அளவு வெட்டுங்கள். நுனியை அரத்தால் ராவி, இரும்புத் தூளைத் துடைத்து, உள்ளே கிரீஸ் பூசிச் சேருங்கள்.

கையேடு பெரும்பாலும் இத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். சமதரைக்காரர் ரொட்டவேட்டரை உழும் ஆழத்துக்கும் திரும்பும்போது ஒரு சாண் உயரத்துக்கும் இடையில்தான் அசைப்பார். நாம் வரப்பு தாண்டும்போது மேலே கடைசிவரை தூக்குகிறோம்; பின் சக்கரம் மேல் வரப்பில் நிற்க, ரொட்டவேட்டரைக் கீழ் வயலில் இறக்கவும் செய்கிறோம். அதாவது கைகளின் முழு ஓட்டத்தையும் பயன்படுத்துகிறோம். ஆகவே வெட்டியபின் அடியெல்லையிலும் உச்சியெல்லையிலும் அளந்து பாருங்கள். அடியெல்லைக்குப் பின் சக்கரங்களை மேட்டில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள். எந்த எல்லையிலும் குழாய்கள் தம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஷாஃப்ட் உங்களுக்கு உரியது அல்ல. நீளமான வேறொன்று வாங்குங்கள்.

இன்னும் இரண்டு விடயம். சதுரக் குழாய் என்றால் கால் சுற்று மாற்றியும் செருக முடியும். குழாய்களின் நுனியில் உள்ள உட்கவைகள் இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மாறியிருந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் விரைந்தும் தயங்கியும் ஓடி, சந்திகளைத் தின்றுவிடும். அடுத்தது, உச்சிக்குத் தூக்கிய நிலையில் ஷாஃப்ட் அதிகம் மடிகிறது. 30 பாகைக்கு மேல் மடிந்தபடி சுழல விடாதீர்கள். வரப்பு வந்தால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், சுழற்சி அடங்கட்டும், பிறகு தூக்குங்கள். "ஒரு வரப்புக்காகவா?" என்று சாரதி முனகுவார். முனகட்டும்.

கேள்வி: ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது என்று என் கணவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். "பின்னால் யார் வரப்போகிறார்கள்?" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகி, கந்தப்பளை)

தங்கச்சி, உங்கள் பயம் சரியானது. இந்தப் பதிலைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. அந்த வேகத்தில் ஷாஃப்ட் ஒரு நொடியில் ஏறக்குறைய 2 மீற்றர் துணியைச் சுற்றிக்கொள்ளும். மனிதன் திடுக்கிட்டுக் கையை இழுக்க எடுக்கும் நேரத்துக்குள் சட்டைக் கை முழுவதும் உள்ளே போய்விடும். கந்தப்பளைக் குளிரில் நாம் உடுத்துவது என்ன? தளர்ந்த ஜேர்சி, கழுத்தில் சால்வை, மழைக் கோட், சாரம். கொழுந்து எடுத்துவிட்டு நேரே தோட்டத்துக்கு வரும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கு. இவற்றில் ஒன்றுகூட ஓடும் ஷாஃப்டின் பக்கத்தில் போகத் தக்கது அல்ல. எங்கள் பகுதியில் ஒருவருடைய மழைக் கோட்டின் நாடா சிக்கியது. பழைய கோட், தையல் விட்டுப்போனதால் கோட் மட்டும் போயிற்று; ஆள் வெற்று மார்போடு நின்றார். புதுக் கோட்டாக இருந்திருந்தால் கதை வேறு.

"பின்னால் யார் வரப்போகிறார்கள்" என்றால், அவரேதான் வருவார். கத்தியில் கோவாத் தண்டும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிப் பார்க்கப் போவார். புது உறை தனியாகவே கடையில் கிடைக்கும். மாட்டியபின் அதன் சிறு சங்கிலியை அசையாத ஓரிடத்தில் கொளுவ வேண்டும். இல்லையென்றால் உறையும் சேர்ந்து சுழலும். எஞ்சின் நின்றிருக்கும்போது கையால் திருப்பிப் பார்த்தால் உறை ஷாஃப்டின் மேல் தனியாக, இலகுவாகத் திரும்ப வேண்டும். உழவு இயந்திரப் பக்கத்தில் பி.டி.ஓ.வின் மேல் உள்ள இரும்பு மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏறி நின்று அதை வளைத்திருப்பார்கள்.

உழும் இடத்திலிருந்து பிள்ளைகளை 50 அடிக்கு அப்பால் நிறுத்துங்கள், கல் பறக்கும். யாராவது சிக்கினால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும், பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸ். ஷாஃப்டைப் பின்பக்கமாக எஞ்சினால் சுற்றி எடுக்க முயலக் கூடாது. எஞ்சினை நிறுத்தும் இழுப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும், உங்களுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: சரிவுக்குக் குறுக்கே உழு என்கிறார் விவசாயப் போதனாசிரியர். மேலிருந்து கீழே நேராக உழுதால்தான் கவிழாது என்கிறார் சாரதி. யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், ஊவா பரணகம)

ஒருவர் மண்ணைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் தன் உயிரைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எழுதாமல் விட்டது சரிவு எவ்வளவு என்பது. அதைத் தெரிந்துகொள்ள 10 அடிப் பலகை ஒன்றும் மட்டக்கோலும் போதும். பலகையின் ஒரு நுனியைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, மட்டமாகப் பிடித்து, மறு நுனியிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 1 அடி 5 அங்குலம் என்றால் 8 பாகைச் சரிவு. 2 அடி 8 அங்குலம் என்றால் 15 பாகை.

நான் ஊரில் சொல்லும் கணக்கு இதுதான். படிக்கட்டாக வெட்டி, படி மட்டமாக இருந்தால் படியின் நீளப் போக்கில் உழுங்கள். போதனாசிரியருக்கும் சாரதிக்கும் சண்டையே இல்லை. படி வெட்டாத நிலம் 8 பாகைக்கு உள்ளே என்றால், கல் பொறுக்கிய பிறகு குறுக்கே, மெதுவாக. 15 பாகைக்கு மேல் நான்கு சக்கரம் ஏறவே வேண்டாம்; இரு சக்கர லேண்ட்மாஸ்டருக்கும் அது நல்ல இடம் அல்ல, மம்மட்டிதான். இடைப்பட்ட நிலத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அங்கே நேராக உழுதால் உழவு இயந்திரம் தப்பும், ஆனால் ஐப்பசி மழையின் தண்ணீர் அந்தச் சால் வழியாகவே மண்ணைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டும். அங்கே உழவுத் திசையை விவாதிப்பதைவிட முதலில் கல் வரம்பு கட்டி, கான் வெட்டிப் படியாக்குங்கள். 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. தேயிலை போட்ட வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நாம் கான் வெட்டி வளர்ந்தவர்கள். மரக்கறிக்கு மாறியதும் ஏன் அதை மறந்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

8 பாகைக்கே ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். பின் சக்கரங்களுக்கு இடையே 130 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். மேல் சக்கரம் 8 சென்ரிமீற்றர்க் கல்லில் ஏற, அதே நேரம் கீழ்ச் சக்கரம் 10 சென்ரிமீற்றர் சாலில் இறங்கினால், நிலத்தின் சரிவோடு இன்னும் 8 பாகை சேர்கிறது. மட்டக்கோலில் பார்த்த 8, இருக்கையில் 16 ஆகிவிட்டது. தூக்கிய ரொட்டவேட்டர் பாரத்தை இன்னும் மேலே கொண்டுபோகும்; ஆகவே குறுக்கே நகரும்போது தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

படியின் விளிம்பில் இன்னொரு கணக்கு. கீழே எத்தனை அடி இறக்கமோ, விளிம்பிலிருந்து அத்தனை அடி உள்ளே சக்கரம் நிற்கட்டும். 4 அடி இறக்கம் என்றால் 4 அடி. மழைக்குப் பிறகு அதற்கும் கூடுதலாக. அந்த ஓரத்தை மம்மட்டியால் கொத்துங்கள். ஒரு காலைப் பொழுது வேலைதான்.

ஏறும்போது கவனிக்க வேண்டியது முன் சக்கரம். பின்னால் ரொட்டவேட்டர் தொங்க, மேட்டைப் பார்த்து ஏறினால் முன்பக்கம் இலேசாகும். முழு எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். குறைந்தால் முன்னால் எடைக்கட்டிகள் போட வேண்டும். செங்குத்தான பாதையில் பின்பக்கமாக ஏறுங்கள், முன்பக்கமாக இறங்குங்கள். பின்னால் மல்லாந்து கவிழ ஒன்றரை நொடி போதும். முக்கால் நொடியில் மீட்கும் எல்லையைத் தாண்டிவிடும். கிளச்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்கே அந்த நேரம் போய்விடும். தலைக்கு மேல் கவிழ்வுக் காப்புச் சட்டம் இருந்தால் பெல்ட் கட்டுங்கள். சட்டம் இல்லாத பழைய வண்டி என்றால் பெல்ட் வேண்டாம். ஆனால் அந்த வண்டியைச் சரிவுக்கு எடுக்கவும் வேண்டாம்.

இறங்கும்போது ரொட்டவேட்டரே உங்களைத் தள்ளும். கத்திகள் சக்கரத் திசையிலேயே சுழல்வதால் அவை பின்னால் இன்னொரு சக்கரமாக வேலை செய்கின்றன. காய்ந்த கெட்டி மண்ணில் கத்தி இறங்காமல் தரையின்மேல் ஓடத் தொடங்கினால் உழவு இயந்திரம் முன்னால் பாயும். ஆகவே மிகக் குறைந்த கியர். இறக்கம் தொடங்கியபின் கியர் மாற்றவோ கிளச்சில் கால் வைக்கவோ கூடாது. ரொட்டவேட்டரை நகர்ந்துகொண்டே மெல்ல இறக்குங்கள், நின்றபடி ஒரேயடியாகப் போடாதீர்கள். பிரேக் மிதிகள் இரண்டையும் கொளுவி ஒன்றாக்கி வையுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த உழவு இயந்திரம் வாங்கினேன். பி.டி.ஓ. கம்பியில் 1, 2, 3 என்று இருக்கிறது. எதில் போடுவது? (வாசகர், பண்டாரவளை)

1. இப்படிப்பட்ட பல மாதிரிகளில் முதலாம் நிலைதான் 540 சுற்றுக்கு அருகில் வரும். அதற்கு மேல் உள்ளவை 540க்குச் செய்த கருவியைப் பிய்த்துவிடும். தண்டில் 6 வரிப் பல் இருப்பதை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். சுற்று அளக்கும் சிறு கருவி உள்ள கராஜில் ஒருமுறை அளந்து, எஞ்சின் எந்த வேகத்தில் 540 வருகிறது என்று டாஷில் வண்ணப் புள்ளி வையுங்கள். ஜப்பானிய எழுத்து ஒட்டிகளைத் துடைத்துப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். ஒரு கைத்தொலைபேசியால் படம் பிடித்தால் அது மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும்.

கேள்வி: ஷாஃப்டில் உள்ள வெட்டுப் போல்ட் அடிக்கடி அறுகிறது. மச்சான் நல்ல உருக்குப் போல்ட் ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்கிறார். போடலாமா? (வாசகர், நானு ஓயா)

வேண்டாம். அந்தப் போல்ட் அறுவதற்காகவே இருக்கிறது. வீட்டு மின்சாரப் பெட்டியில் உள்ள பியூஸ் போல. மச்சானின் உருக்குப் போல்ட் அறாது. அடுத்த கல்லில் கியர்ப் பல்லோ கத்தி பூட்டிய தட்டோ அறும். கையேட்டில் உள்ள அளவும் தரமும் கொண்ட போல்ட்டுகளைச் சிறு டப்பாவில் இருக்கைக்கு அடியில் வைத்திருங்கள்.

அடிக்கடி அறுகிறது என்றால் நிலத்தில் கல் இருக்கிறது, அல்லது முதல் ஓட்டத்திலேயே முழு ஆழம் போகிறீர்கள். முதலில் மேலோட்டமாக ஒருமுறை ஓட்டுங்கள். தலைகாட்டும் கல்லை அலவாங்கால் கிளப்பி வரம்புக்கு அனுப்புங்கள். பிறகு இரண்டாம் ஓட்டத்தில் ஆழம். போல்ட்டுக்குப் பதிலாக வழுக்கும் கிளச் உள்ள ஷாஃப்ட் என்றால், மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்தபின் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சற்று நேரம் வழுக்க விட்டு, பழைய அளவுக்கே மறுபடி இறுக்குங்கள். தளர்த்துமுன்னே பழைய அளவைக் குறித்து வைக்க வேண்டும்.

கேள்வி: கூலிக்கு உழும் வண்டி எங்கள் தோட்டத்துக்கு வருமுன் கழுவிக்கொண்டு வரச் சொன்னால் கோபிக்கிறார்கள். நான் கேட்பது தவறா? (வாசகி, சீதா எலிய)

தவறே இல்லை. கோவாவின் வேரை வீங்கவைக்கும் கழலை நோய்க் கிருமி மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கு நூற்புழுவின் கூடும் அப்படியே. இரண்டும் தாமாக நடந்து வருவதில்லை. கத்தியிலும் ரயரிலும் ஒட்டிய மண்ணில்தான் வருகின்றன. தண்ணீரும் செலவும் உங்களுடையது என்று சொல்லிப் பாருங்கள், கோபம் குறையும். கழுவும் இடம் உங்கள் நிலத்துக்குக் கீழே, வழிந்தோடும் தண்ணீர் உங்கள் பாத்திக்கு வராத இடமாக இருக்கட்டும். பயிரைப் பற்றிய மற்றச் சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழையுங்கள், நான் இரும்புக்காரன்.

கேள்வி: மண்ணில் ஆழம் இறங்கவில்லை. பாரத்துக்கு ஒரு ஆளை ரொட்டவேட்டரின் மேல் உட்கார வைத்து ஓட்டுகிறோம். இதில் ஏதும் பிழை உண்டா? (வாசகர், அப்புத்தளை)

உண்டு. அந்த ஆளை இப்போதே இறக்குங்கள். ஒரு குலுக்கலில் அவர் பின்னால் விழுந்தாலும் முன்னால் விழுந்தாலும் சுழலும் ஒன்றின் மேல்தான் விழுவார். கல் மூட்டை வைப்பதும் வேண்டாம், அதுவும் சரியும்.

ஆழம் இறங்காததற்குக் காரணம் பாரக் குறைவு அல்ல. இரு பக்கமும் உள்ள சறுக்குப் பாதங்கள் எந்தத் துளையில் பூட்டியிருக்கின்றன என்று பாருங்கள். அவைதான் ஆழத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மேல் கை அதிகம் நீண்டோ குறுகியோ இருந்தால் கத்திக்குப் பதிலாக அடித்தகடு தரையில் உட்காரும். கத்தி தேய்ந்து பாதி அகலம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது எதிர்ப்பக்கக் கத்தியையும் சேர்த்து மாற்றாவிட்டால் உருளை ஆடும். வண்டியை வேகமாக ஓட்டினாலும் ஆழம் குறையும். மண் காய்ந்து கெட்டியாக இருந்தால் முதலில் கொத்துக் கலப்பையால் கிளறுங்கள். ஒவ்வொரு போகமும் ரொட்டவேட்டர் மட்டுமே, அதே ஆழத்தில் ஓடியிருந்தால் அதன் அடியில் ஓர் இறுகிய படை உண்டாகியிருக்கும். அலவாங்கைக் குத்திப் பாருங்கள், சட்டென்று தடுக்கும் இடம் அதுதான். அதை உடைக்கக் கொத்துக் கலப்பைதான் வேண்டும், ஆள் பாரம் அல்ல.

பின் தகட்டைச் சற்று உயர்த்தியே வையுங்கள். மாவாக அரைத்த மண் பார்க்க அழகு. அப்புத்தளைச் சரிவில் முதல் மழைக்கே அது போய்விடும். கோழி முட்டை அளவுக் கட்டி இருந்தால் கிழங்குக்கு ஒன்றும் குறையாது.

அடுத்த இதழில் நீர் இறைக்கும் பம்புகள். எழுதுகிறவர்கள் பம்பின் குதிரைவலு, நீர்மட்டத்திலிருந்து பாத்தி வரை உயரம் எத்தனை அடி, குழாயின் விட்டம் ஆகிய மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். "பம்ப் இழுக்கவில்லை, என்ன செய்வது?" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.